முதல் மாணவர் வரும் வரை

விமானப் பயிற்றுநர் பணி குறித்துக் கடந்த சில வாரங்களில் வந்த கடிதங்களுள் ஐந்தினை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். ஐந்தும் அமெரிக்காவில் பயின்றவர்களைப் பற்றியவை என்பதால், விதிகளும் வழக்கங்களும் அந்நாட்டுக்கு உரியவையாகவே கூறப்பட்டுள்ளன.

கேள்வி: நான் அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் நகரில் வசிக்கிறேன், கிரீன் கார்டு பெற்றவள். இரண்டு மாதங்களுக்கு முன்பு பயிற்றுநர் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறினேன். மொத்தம் 268 மணி நேரம் பறந்திருக்கிறேன். மூன்று விமானங்கள் மட்டுமே உள்ள சிறிய பள்ளியில் பயின்றேன். இதுவரை நாற்பது பள்ளிகளுக்கு மின்னஞ்சலில் விண்ணப்பித்தும் ஒரு நேர்காணல்கூடக் கிடைக்கவில்லை. கருவிவழிப் பறத்தலை, அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளைக் கொண்டே பறப்பதைக் கற்பிக்கும் தகுதியையும் பெற்றுவிட்டால் கதவு திறக்குமா? அல்லது என்னிடம் வேறு குறை ஏதேனும் உள்ளதா?
— வாசகி, பீனிக்ஸ்

பதில்: உங்களிடம் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை, நீங்கள் தேர்ந்தெடுத்த வழியில்தான் குறை. சில ஆண்டுகளுக்கு முன்பு விமான நிறுவனங்கள் விமானிகளை விரைந்து எடுத்துக்கொண்டிருந்தபோது, பயிற்றுநர்கள் ஓராண்டுக்குள்ளாகவே பள்ளியை விட்டுச் சென்றார்கள். அவர்கள் விட்டுச்சென்ற நாற்காலிகளில் உங்களைப் போன்ற புதியவர்கள் அமர்ந்தார்கள். 2024ஆம் ஆண்டில் அந்த ஓட்டம் தளர்ந்ததும், பழைய பயிற்றுநர்கள் நகராமல் தங்கிவிட்டார்கள். புதியவர்களோ முன்போலவே தேர்ச்சி பெற்று வந்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே, தலைமைப் பயிற்றுநரின் மின்னஞ்சல் பெட்டியில் ஏறத்தாழ ஒரே மாதிரியான விண்ணப்பங்கள் குவிகின்றன. ஏறத்தாழ 250 மணி நேரம், அதே உரிமங்கள், அதே சொற்கள். அவற்றுள் யாரை அழைப்பது என்று முடிவுசெய்ய அவரிடம் எந்த அடையாளமும் இல்லை. பல ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தவன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன்: முகம் தெரியாத விண்ணப்பங்களைப் பெரும்பாலும் நான் திறந்துகூடப் பார்த்ததில்லை.

இதைத் திமிர் என்று எண்ண வேண்டாம். புதிய பயிற்றுநரிடம் பள்ளி ஒப்படைப்பது ஒரு விமானத்தையும், ஒன்றும் அறியாத ஒரு மாணவரையும், தன் காப்பீட்டையும். காப்பீட்டு நிறுவனம் சில வகை விமானங்களுக்குக் குறைந்தபட்ச அனுபவத்தையும் கேட்கும். எனவே, இவர் எப்படிக் கற்பிப்பார் என்பதை நேரில் கண்ட ஒருவரின் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு, தாளில் உள்ள எதற்கும் இல்லை.

ஆகவே முதலில் நீங்கள் பயின்ற பள்ளிக்கே செல்லுங்கள். மூன்று விமானங்களே உள்ள பள்ளி என்று நீங்கள் சற்றுத் தயக்கத்துடன் எழுதியிருப்பதாகத் தோன்றுகிறது. எனக்கோ அதுதான் உங்கள் கையிலுள்ள பெரிய முதல். அங்கே இடம் இல்லை என்று சொன்னால், வார இறுதியில் இரண்டு மாணவர்களை மட்டும் எடுத்துக்கொள்ள முடியுமா என்றும், தரைப்பாட வகுப்புகளையாவது நடத்தலாமா என்றும் கேளுங்கள். முழுநேரப் பணி ஒரே நாளில் வருவது அரிது. இரண்டு மாணவர்கள் நான்காகி, நான்கு பத்தாகி வருவதே வழக்கம். அடுத்து, உங்களைத் தேர்வு செய்த தேர்வாளரை அணுகுங்கள். எந்தப் பள்ளியில் யார் விலகப் போகிறார் என்பதை அவர்தான் எல்லோருக்கும் முன்பே அறிந்திருப்பார்.

அதன் பிறகு நேரில் செல்லுங்கள். டீர் வேலி, மேசாவிலுள்ள ஃபால்கன் ஃபீல்டு, சாண்ட்லர் ஆகிய நிலையங்கள் உங்கள் வீட்டிலிருந்து காரில் சென்றுவரக்கூடிய தொலைவில் உள்ளன. பயிற்சி விமானங்கள் இவ்வளவு நெருக்கமாகப் பறக்கும் வட்டாரங்கள் உலகில் மிகச் சில. கோடையில் வெயிலுக்கு அஞ்சி விடியற்காலை ஐந்து மணிக்கே முதல் விமானம் புறப்பட்டுவிடும். முற்பகலில் வெப்பம் ஏறியதும் ஓய்வு வரும். அந்த ஓய்வு நேரத்தில் சென்று தலைமைப் பயிற்றுநரைச் சந்தித்து, ஐந்து நிமிடம் பேசி, ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்புங்கள். மூன்று வாரங்கள் கழித்து மீண்டும் ஒருமுறை செல்லுங்கள். இரண்டாவது முறை வருபவர் மிகக் குறைவு என்பதாலேயே அவர் நினைவில் நிற்பார்.

அந்த ஒரு பக்கத்தில் மணி நேரங்களை இரண்டு வரிகளில் முடித்துவிடுங்கள். மீதி இடத்தை, நீங்கள் இதுவரை யாருக்கேனும் எதையேனும் கற்பித்திருந்தால் அதற்குக் கொடுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதம், கோயில் வளாகத்தில் ஞாயிறுதோறும் தமிழ், நீச்சல், வீணை, எதுவாயினும் சரி. 268 மணி நேரம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. எதிரில் வரிசையில் நிற்கும் அனைவருக்கும் அதுவே இருக்கிறது. கூச்சமுள்ள எட்டு வயதுப் பிள்ளையை வாய் திறக்க வைத்த அனுபவம் அப்படியன்று.

நேர்காணலுக்கு அழைத்தால், ஏதேனும் ஒரு பாடத்தை நடத்திக் காட்டச் சொல்வார்கள். நான் எப்போதும் 'ஸ்டால்' என்னும் ஏற்றவிசை இழப்பைப் பற்றிக் கற்பிக்கச் சொல்வேன், நானே மாணவனாக நடித்து, "ஸ்டால் என்றால் இன்ஜின் நின்றுபோவதுதானே?" என்று கேட்பேன். கார் ஓட்டிப் பழகிய புதிய மாணவர்களுள் பலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள். ஒருமுறை ஓர் இளைஞர் உடனே எழுந்து பலகையில் ஏற்றவிசைக் கோட்டுப்படம் வரைந்து, சரியான சொற்களால் பத்து நிமிடம் பேசினார். அடுத்து வந்த பெண்ணோ, "இன்ஜினுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, பாருங்கள்" என்று சொல்லி, மேசையிலிருந்த நோட்டுப்புத்தகத்தை எடுத்து, ஓடும் காரின் சன்னலுக்கு வெளியே கையை நீட்டுவதைப் போலப் பிடித்து, அதன் முன்விளிம்பைச் சிறிது சிறிதாக உயர்த்தினார். காற்று இறக்கையைச் சந்திக்கும் கோணம் ஓர் அளவைத் தாண்டியதும் மேற்பரப்பை ஒட்டி ஓட முடியாமல் பிரிந்துவிடுகிறது என்றார். பிறகு, "இப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்" என்று என்னிடம் நோட்டைக் கொடுத்தார். மறுவாரம் அவர் பணியில் சேர்ந்தார். இளைஞர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் நான் கேட்ட கேள்வியை அவர் காதில் வாங்கவே இல்லை.

நேர்காணலில், பயிற்றுநர் அமரும் வலப்பக்க இருக்கையில் அமர்ந்து பறந்து காட்டவும் சொல்வார்கள். இரண்டு மாதங்கள் பறக்காமல் இருந்திருந்தால், அதற்கு முன் ஒரு மணி நேரமாவது செலவழித்துப் பழகிக்கொள்ளுங்கள். கைகள் இடம் மாறுவதும், கருவிகளைப் பக்கவாட்டிலிருந்து படிப்பதும், ஓடுபாதையின் நடுக்கோடு வேறு இடத்தில் தெரிவதும் விரைவில் மறந்துபோகும்.

கருவிவழிப் பறத்தலைக் கற்பிக்கும் தகுதியைக் குறித்துக் கேட்டீர்கள். பணம் இருந்தால் பெறுங்கள்; அது இல்லாதவர் கருவிவழித் தகுதிக்கான மாணவரைத் தயார்செய்ய முடியாது என்பதால், பள்ளிக்கு நீங்கள் பாதிப் பயிற்றுநராகவே தெரிவீர்கள். பல இயந்திர விமானத்தைக் கற்பிக்கும் தகுதியை மட்டும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அந்த வகையில் 15 மணி நேரம் பொறுப்பு விமானியாகப் பறந்திருக்க வேண்டும் என்பதோடு, கற்பிக்கும் குறிப்பிட்ட மாதிரியில் 5 மணி நேரமும் வேண்டும். வேலை கிடைப்பதற்கு முன் அந்தச் செலவைச் செய்வது குதிரைக்கு முன்பே லாயம் கட்டுவதாகும்.

கேள்வி: டெக்சஸில் ஒரு பள்ளி எனக்கு வேலை தருவதாகச் சொல்கிறது. ஊழியராக அன்றி ஒப்பந்ததாரராகச் சேர வேண்டுமாம். விமானம் இயங்கும் நேரத்தைக் கணக்கிடும் ஹாப்ஸ் மீட்டர் ஓடும் நேரத்துக்கு மட்டுமே ஊதியம். ஆனால் வாரத்தில் ஆறு நாட்கள் காலை 8 முதல் மாலை 6 வரை நிலையத்தில் இருக்க வேண்டும். வேறு பள்ளியில் கற்பிக்கக் கூடாது. முதல் வேலை என்பதால் ஏற்றுக்கொள்ளலாமா?
— வாசகர், டல்லாஸ்

பதில்: அவர்கள் சொல்வதைக் கணக்காக மாற்றிப் பாருங்கள். பத்து மணி நேரம் நிலையத்தில் இருக்கும் நாளில் ஐந்து மணி நேரம் விமானம் ஓடினால் அது நல்ல நாள். அப்போது உங்கள் உண்மையான ஊதியம் அவர்கள் சொன்னதில் பாதி. மேகம் தாழ்ந்த நாளில் அது பூஜ்யம். பறப்பதற்கு முன்பும் பின்பும் மாணவருடன் அமர்ந்து பேசும் நேரத்துக்கு ஊதியம் இல்லையென்றால், ஒன்று நீங்கள் நட்டப்படுவீர்கள், அல்லது அந்தப் பேச்சைச் சுருக்கிவிடுவீர்கள். இரண்டாவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. வரியிலும் வேறுபாடு உண்டு. ஊழியர் என்றால் சமூகப் பாதுகாப்பு, மருத்துவக் காப்பு வரிகளில் உங்கள் பங்கு 7.65 விழுக்காடு, மறுபாதியைப் பள்ளி கட்டும். ஒப்பந்ததாரர் என்றால் 15.3 விழுக்காடும் உங்கள் தலையில்.

ஒப்பந்த முறையே தவறு என்று சொல்ல மாட்டேன். தன் மாணவரைத் தானே தேடி, தன் நேரத்தையும் கட்டணத்தையும் தானே வகுத்துக்கொள்ளும் மூத்த பயிற்றுநருக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் நேரத்தையும் இடத்தையும் அவர்களே விதித்து, வேறிடத்தில் வேலை செய்யவும் தடைபோட்டுவிட்டு, ஒப்பந்ததாரர் என்று பெயர் மட்டும் சூட்டுவதை அமெரிக்க வரித்துறை எளிதில் ஏற்காது. எஸ்.எஸ்.-8 என்னும் படிவத்தை அனுப்பி, நீங்கள் ஊழியரா ஒப்பந்ததாரரா என்று அத்துறையையே தீர்மானிக்கச் சொல்ல இடமுண்டு. சேருவதற்கு முன்பே அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். ஊழியராகச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்றும், தரைப்பாட நேரத்துக்கு ஊதியம் உண்டா என்றும் பணிவாகக் கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதே அந்தப் பள்ளியைப் பற்றிப் பாதி சொல்லிவிடும்.

மறுபாதியை விமானங்கள் சொல்லும். பள்ளி தன் விமானத்தைக் கொடுத்துக் கட்டணம் வாங்கிக் கற்பிக்கும்போது, ஒவ்வொரு 100 மணி நேரத்துக்கும் அதைப் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. பரிசோதனை நடக்கும் இடத்துக்குப் பறந்து செல்வதற்காக மட்டும் 10 மணி நேரம் வரை சலுகை உண்டு. பராமரிப்பு ஏடுகளையும், குறைகளை எழுதிவைக்கும் 'ஸ்குவாக்' தாளையும் காட்டச் சொல்லுங்கள். நான் முதன்முதலில் சேர்ந்த பள்ளியில் இதைக் கேட்கத் தோன்றவில்லை. நான்காவது வாரத்தில், இடது பிரேக் அமுங்குகிறது என்று நான் எழுதப் போனபோது, அதே குறை வேறு மூன்று கையெழுத்துகளில் எனக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. எதன் எதிரிலும் மெக்கானிக்கின் ஒப்பம் இல்லை. உரிமையாளரிடம் சொன்னதற்கு, "வலது பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது" என்றார். அந்த வாரக் கூலியை வாங்காமலேயே விலகினேன். இன்றும் அது வந்து சேரவில்லை.

இன்னொன்றையும் விசாரியுங்கள்: அங்கே உங்களைவிட மூத்த பயிற்றுநர் ஒருவர் நாள்தோறும் இருப்பாரா? உங்கள் மாணவர் தரையிறங்கும்போது ஒவ்வொரு முறையும் மிக உயரத்திலேயே விமானத்தை நிமிர்த்திவிடுகிறார். நீங்கள் அறிந்த எல்லா வழிகளிலும் சொல்லிப் பார்த்துவிட்டீர்கள். அந்த மாலையில் தேநீர்க் கோப்பையுடன் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? முதல் வேலையில் ஊதியத்துக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது அதைத்தான். சில நாட்களில் அதையே முதலாவதாகவும் வைக்கிறேன். அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விதிகளில் 141ஆம் பகுதியின் கீழ் ஒப்புதல் பெற்ற பள்ளிகளில், தலைமைப் பயிற்றுநர் ஒவ்வொரு பயிற்றுநரையும் தொடக்கத்திலும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் சோதிக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், இந்தக் கண்காணிப்பு ஓரளவு உறுதியாகக் கிடைக்கும். 61ஆம் பகுதியின் கீழ் இயங்கும் சிறிய பள்ளிகளில் அது அங்குள்ள மனிதரைப் பொறுத்தது. மிகச் சிறந்தவர்களையும் நான் அங்கேதான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் மகன் எம்-1 என்னும் தொழிற்பயிற்சி மாணவர் விசாவில் ஃப்ளோரிடாவில் விமானப் பயிற்சி பெறுகிறான். வங்கிக் கடன் பெரிது. பயிற்சி முடிந்ததும் அங்கேயே பயிற்றுநராகப் பணியாற்றிக் கடனை அடைத்துவிடலாம் என்று முகவர் ஒருவர் கூறினார். நம்பலாமா?
— வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: நம்ப வேண்டாம். எம்-1 விசாவில் படிக்கும் காலத்தில் வேலை செய்ய முடியாது. படிப்பு முடிந்த பிறகு, முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெற்றால், நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற கணக்கில், அதிகபட்சம் ஆறு மாதங்களுக்கு மட்டும் செய்முறைப் பயிற்சியாகப் பணியாற்றலாம். ஆறு மாதங்களுக்காக ஒரு புதியவரைச் சேர்த்துப் பழக்குவதற்குப் பள்ளிகள் விரும்புவதில்லை. அவர் தேறி வரும்போது விசா முடிந்துவிடும். எஃப்-1 என்னும் கல்லூரி மாணவர் விசாவில் உள்ளவர்களுக்குப் படிப்புக்குப் பின் 12 மாதங்கள் கிடைக்கின்றன; அதிலும் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் வேலையின்றி இருக்கக் கூடாது. எந்தக் கணக்கிலும் அது கைச்செலவுக்குப் போதுமேயன்றி, கடனை அடைக்கும் வருவாய் ஆகாது.

மகன் இந்தியாவுக்குத் திரும்பிப் பயிற்றுநராக விரும்பினால், அமெரிக்கச் சான்றிதழ் மட்டும் போதாது என்பதையும் இப்போதே அறிந்துகொள்ளுங்கள். விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. வழங்கும் வணிக விமானி உரிமமும், அதன்மேல் பயிற்றுநர் தகுதியும் தேவை. பெரும்பாலோர் உதவிப் பயிற்றுநராகவே தொடங்குகிறார்கள். அமெரிக்காவில் பறந்த மணி நேரங்களுக்கான பதிவேடுகளையும், பள்ளியின் முத்திரையிட்ட சான்றுகளையும் அங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே மகன் கையில் வாங்கிக்கொள்ளட்டும். திரும்பிய பிறகு அவற்றைக் கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பது பெரும்பாடு.

கேள்வி: ஒளிவுமறைவின்றிக் கேட்கிறேன். விமான நிறுவனத்தில் சேர எனக்கு 1,500 மணி நேரம் வேண்டும். பயிற்றுநர் வேலை அதற்கான வழி மட்டுமே. இதை நேர்காணலில் சொல்லலாமா, மறைக்க வேண்டுமா?
— வாசகர், சியாட்டில்

பதில்: மறைக்க வேண்டியதில்லை, எதிரில் இருப்பவருக்கு அது தெரியும். அவர் அறிய விரும்புவது, அந்த மணி நேரங்கள் சேரும்வரை நீங்கள் மாணவரைக் கவனிப்பீர்களா, மீட்டரைக் கவனிப்பீர்களா என்பதைத்தான். வணிக விமானி உரிமத்துக்கு 250 மணி நேரம். அங்கிருந்து 1,500க்கு இன்னும் 1,250. மாதம் 70 மணி நேரம் கற்பித்தால் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. உரிய பல்கலைக்கழகத்தில் விமானவியல் இளநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு 1,000 மணி நேரமே போதும் என்ற சலுகையும் உண்டு. "குறைந்தது ஒன்றரை ஆண்டு இருப்பேன்; விலகும் முன் என் மாணவர்கள் ஒவ்வொருவரையும் அடுத்தவரிடம் குறிப்புடன் ஒப்படைப்பேன்" என்று சொல்லுங்கள். நடுவில் கைவிடப்பட்டு மூன்று பயிற்றுநர்கள் மாறிய மாணவர், ஒரே பாடத்துக்கு மூன்று முறை பணம் கட்டுகிறார். தலைமைப் பயிற்றுநரின் அறைக்கு வரும் புகார்களுள் பாதி அதைப் பற்றியதே.

இந்த 1,500 எங்கிருந்து வந்தது என்பதையும் நினைவூட்ட வேண்டும். 2009 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407ஆம் எண் பயணிகள் விமானம் விபத்துக்குள்ளாகி, விமானத்திலிருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். அதன் விளைவாக 2010இல் சட்டமும், 2013இல் இந்த விதியும் வந்தன. விந்தை என்னவென்றால், அந்த விமானிகள் இருவருமே 1,500 மணி நேரத்தைத் தாண்டியவர்கள். ஸ்டால் எச்சரிக்கையாகக் கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்தபோது, அதை முன்னால் தள்ள வேண்டிய கேப்டன் பின்னால் இழுத்தார் என்பதே விசாரணையின் முடிவு. முன்னால் தள்ளும் அந்தப் பழக்கத்தை, ஒரு மாணவர் தன் முதல் சில பாடங்களில், உங்களைப் போன்ற ஒரு புதிய பயிற்றுநரின் அருகில் அமர்ந்துதான் கற்கிறார்.

கேள்வி: அடுத்த திங்கட்கிழமை பயிற்றுநராகச் சேர்கிறேன். முதல் நாளிலிருந்தே எதில் கவனமாக இருக்க வேண்டும்?
— வாசகி, சான் அன்டோனியோ

பதில்: வாழ்த்துகள். தனியாக ஒரு தடித்த குறிப்பேடு வாங்கிக்கொள்ளுங்கள். தனியே பறக்க நீங்கள் கையெழுத்திட்டு அனுமதித்தவர் பெயர், தேதி, தேர்வுக்குப் பரிந்துரைத்தவர் பெயர், முடிவு ஆகியவற்றை அதில் எழுதி, மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. தனிப்பறத்தலுக்கான அந்தக் கையெழுத்து 90 நாட்களுக்கே செல்லும் என்பதால், முடியும் தேதியையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். உரிமத்துக்கான பயிற்சியைத் தொடங்குமுன் மாணவரின் குடியுரிமைச் சான்றைப் பார்த்துப் பதிவுசெய்யுங்கள். வெளிநாட்டவர் என்றால் பாதுகாப்பு அனுமதி வந்த பிறகே தொடங்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் 8 மணி நேரத்துக்கு மேல் பறந்து கற்பிக்கக் கூடாது. புதியவர்களுக்கு மாணவர்களை மறுக்க மனம் வராது என்பதால் இந்த எல்லை முதல் கோடையிலேயே நெருங்கிவரும்.

பயிற்றுநர் சான்றிதழில் 2024 டிசம்பர் முதல் காலாவதித் தேதி அச்சிடப்படுவதில்லை. ஆனாலும் 24 மாதங்களுக்கு ஒருமுறை உங்கள் அண்மைக்கால அனுபவத்தை நிலைநாட்ட வேண்டும். குறைந்தது ஐந்து மாணவர்களைத் தேர்வுக்கு அனுப்பி, அவர்களுள் 80 விழுக்காட்டினர் முதல் முயற்சியிலேயே தேறியிருந்தால் அதுவே போதும். அந்தக் கணக்குக்கும் நான் சொன்ன குறிப்பேடுதான் சாட்சி. விமானத்தில் விட்டுவிடாமல் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.